அர்த்தனாரியின் கரண்ட்

அர்த்தனாரி செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, அவனைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனதும் ஒரு செவ்வாய்க்கிழமை, நடுவில் நூற்றுப் பன்னிரண்டு நாள். இதை வெளியூரில் சொன்னால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். கரட்டுப்பாளையத்தில் சொன்னால், ஆமாம், அந்த நாளில்தான் தறி நிற்காமல் ஓடியது என்று பெருமூச்சு விடுவார்கள். ஊர் அப்படிப்பட்ட ஊர், குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

அந்த ஊரில் ஆயிரத்துச் சொச்சம் விசைத்தறிகள் இருந்தன, அத்தனைக்கும் கரண்ட் வேலை பார்க்க இருந்தது இரண்டே பேர்: செங்கோடனும், செங்கோடனின் தங்கை மைனாவதியைக் கட்டிய அர்த்தனாரியும். இருவருக்கும் ஒரு மொபெட், ஒரு ஏணி, கடைசி ஒரு வருஷமாக ஒரே டெஸ்டர். அர்த்தனாரியின் டெஸ்டரில் சட்டைப்பையில் மாட்டுகிற கிளிப் உடைந்துபோனதால் அதை வீட்டில் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒண்ணாத்தானே போறோம் மச்சான், ஒண்ணு போதாதா என்று சொல்லிவிட்டான்.

டெஸ்டர் என்றால் பழைய டெஸ்டர், ஸ்க்ரூ டிரைவர் மாதிரி இருப்பது, கைப்பிடிக்குள் நெல்மணி அளவுக்கு ஒரு பல்பு. முனையை ஒயரில் வைத்து, வாலில் இருக்கிற பித்தளைப் பொட்டில் விரலை வைத்தால், கரண்ட் இருக்கும்போது பல்பு சிவப்பாக எரியும். ஆனால் அது சும்மா எரியாது. பிடித்திருக்கிற ஆளின் உடம்பு வழியாக, அவனுக்கே தெரியாத அளவு கொஞ்சம் கரண்ட் மண்ணுக்கு இறங்கினால்தான் எரியும். அதனால் அவன் கால் தரையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு கை சுவரில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் பிளாஸ்டிக்கின் மேல் ஏறி நின்றுகொண்டு வைத்தால், ஒயரில் எவ்வளவு கரண்ட் ஓடினாலும் டெஸ்டர் வாயைத் திறக்காது. இந்த வேலைக்கு வருகிறவன் முதல் நாளே தெரிந்துகொள்கிற விஷயம் இது. இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த செங்கோடனுக்கு இதை யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள், அவனும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, தறிக்காரர் சங்கத் தலைவர் ராக்கியண்ணனின் பட்டறையில், உத்தரத்துக்குக் கீழே ஓடிய ஒரு ஒயரை மாற்ற வேண்டியிருந்தது. அந்தப் பட்டறையில் வரிசையாக நான்கு மெயின் பெட்டிகள். அர்த்தனாரி போய் ஒன்றை இறக்கினான், தப்பான பெட்டியை இறக்கினான். அது நடக்கிறதுதான், அதற்காகத்தானே டெஸ்டர். செங்கோடன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ஏறினான், ரப்பர் செருப்போடு ஏறினான், டெஸ்டரை வலது கையில் எடுத்தான். எப்போதும் இடது கையைச் சுவரில் ஊன்றிக்கொள்வான், அன்றைக்கு இடது கையில் டீ டம்ளர் இருந்தது. பட்டறையில் அப்போதுதான் டீ கொடுத்தார்கள், சூடாக இருந்தது, நல்ல டீ. டெஸ்டரை வைத்தான், பல்பு எரியவில்லை. "கரண்ட் இல்ல மாப்ள, புடி" என்று சொல்லிவிட்டு ஒரு வாய் குடித்தான். கீழே, தண்ணீர் தெளித்து ஈரமாக இருந்த தரையில், வெறுங்காலோடு நின்ற அர்த்தனாரி எக்கி, தாழ்வாகத் தொங்கிய ஒயரின் மறுமுனையைப் பிடித்தான்.

ஓடி வந்தவர்கள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. செங்கோடன் கட்டைக் கழியால் அடித்து ஒயரைப் பிரித்திருந்தான், நாற்காலியிலிருந்து இறங்கியிருந்தான், டீ டம்ளர் எங்கே போனதென்று அவனுக்கு இன்றைக்கும் தெரியாது. ராக்கியண்ணன்தான் கேட்டார், "ஏன்டா, டெஸ்டர் வெச்சுப் பாக்கலையா?" என்று. அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு வார்த்தையில் பதில் இருந்தது. செங்கோடன் வாயிலிருந்து வேறு பதில் வந்தது.

"வெக்கலீங்க. அவனாப் போயித் தொட்டுட்டானுங்க."

பொய் சொல்லலாம் என்று யோசித்துச் சொல்லவில்லை. பயத்தில் வந்துவிட்டது. ஆனால் வந்ததைத் திரும்ப விழுங்கவும் இல்லை. சாயங்காலத்துக்குள் அது ஊர் முழுக்கப் போய், அங்கங்கே கொஞ்சம் சதை போட்டு, அர்த்தனாரி குடித்திருந்தான், முந்தின நாள் இறங்காத போதை, மெயினையும் தப்பாக இறக்கினான், டெஸ்டரும் வைக்கவில்லை, விதி முடிந்தது, என்று ஆகிவிட்டது. அர்த்தனாரி ஆயுசில் குடித்ததில்லை. அது செங்கோடனுக்குத் தெரியும், மைனாவதிக்குத் தெரியும், சொன்னவர்களில் பாதிப் பேருக்கும் தெரியும்.

தூக்கலாம் என்று நான்கு பேர் குனிந்தபோதுதான் அது தெரியவந்தது. நான்கு பேரும் நான்கு திசையில் போய் விழுந்தார்கள். மெயின் நான்கையும் இறக்கினார்கள், கம்பத்தில் பீஸைப் பிடுங்கினார்கள், ஊருக்கே கரண்டை நிறுத்தினார்கள். மறுபடி தொட்டபோது மறுபடி விழுந்தார்கள். செங்கோடன் தரையில் நின்று அர்த்தனாரியின் உள்ளங்காலில் டெஸ்டரை வைத்தான், பல்பு செக்கச்செவேலென்று எரிந்தது. "உடம்புக்குள்ள கரண்ட் தங்கிருச்சுங்க" என்றான். பிறகு என்ன, மூங்கில் கழிகளைக் கொடுத்து நெம்பி, கயிற்றுக் கட்டிலில் புரட்டி, ஊருக்கு நடுவில் தறிக்கான நூலை நீளமாக விரித்துப் பாவு ஓட்டுகிற பாவடி மைதானத்துக்குக் கொண்டுபோய் வேப்பமரத்தடியில் வைத்தார்கள். அடங்கட்டும், அடங்கினதும் எடுத்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டார்கள், காய்ச்சலைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

அடங்கவில்லை. உடம்பு கெடவும் இல்லை. மூன்றாம் நாள் கரண்ட் ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி வந்தார், அவர் கையில் புது மாதிரி டெஸ்டர் ஒன்று இருந்தது: மஞ்சள் நிறப் பேனா. ஒயருக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே கீகீ என்று கத்தும். தொட வேண்டாம், விரல் வைக்க வேண்டாம், செருப்பு இருந்தால் இருக்கட்டும், நாற்காலி மேல் நின்றால் நிற்கட்டும், அது யாருடைய உடம்பையும் கேட்காது. அதிகாரி பேனாவை அர்த்தனாரியின் தலையிலிருந்து கால் வரை ஓட்டினார், அது மூச்சு விடவில்லை. "கரண்ட் இல்லை, எடுத்து அடக்கம் பண்ணுங்க" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சார், தொட்டுப் பாருங்க என்று யாரோ சொன்னார்கள். "எதுக்குத் தொடணும்? தொட வேண்டாம்னுதானே இதை வாங்கியிருக்கு" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

செங்கோடன் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு இது கையில் இருந்திருந்தால், இடது கையில் டீ டம்ளர் இருந்தாலும், பிளாஸ்டிக் நாற்காலி இருந்தாலும், கத்தியிருக்கும். அர்த்தனாரி இந்நேரம் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு வந்திருப்பான். இதை நினைத்ததும் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டான்.

பிணம் எடுக்காத ஊரில் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். மூன்று நாள் ஊர் முழுக்கப் பட்டினியும் வாழைப்பழமுமாகக் கிடந்தது. நான்காம் நாள் பச்சைக்குழந்தைகளின் கத்தல் தாங்காமல் சங்கத்தில் கூடிப் பேசினார்கள். ராக்கியண்ணன் நிதானமான ஆள், நன்றாக யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்: செத்தவன் உடம்பில் சூடு இருக்காது, இவன் உடம்பில் கரண்டே இருக்கிறது, ஆகவே இது பிணம் என்று எப்படிச் சொல்வது? எல்லோருக்கும் பசி, எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அன்று மத்தியானம் ஊரில் அடுப்பு எரிந்தது. ஆக, ஆபீஸ் காகிதத்தில் அர்த்தனாரி பிணம், கரண்ட் இல்லை. ஊர்ப் பேச்சில் அவன் கரண்ட், பிணம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் மைனாவதி கழுத்தில் தாலியோடும் நெற்றியில் பொட்டோடும் உட்கார்ந்திருந்தாள், அவளை எழவு வீட்டுக்காரி என்று யாரும் கட்டிப்பிடித்து அழவில்லை, சுமங்கலி என்று யாரும் மஞ்சள் குங்குமம் கொடுக்கவும் இல்லை.

செத்தவர்களுக்குக் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டுவார்கள். அர்த்தனாரிக்குக் கட்டிய துணி பொசுங்கிப் பொசுங்கி விழுந்தது. தங்கை கேட்டாள் என்று செங்கோடன் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு செப்புக் கம்பியால் கட்டினான், பார்க்கப் பொறுக்காமல்தான் கட்டினான், கம்பியின் ஒரு முனை கொஞ்சம் நீளமாகத் தொங்கிவிட்டது. தறிக்கு நூல்தார் சுற்றுகிற பெண் ஒருத்தி, அது வெயில் காலம், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லாத காலம், அந்த முனையில் தன்னுடைய போன் சார்ஜரை ஒட்டவைத்துப் பார்த்தாள். போன் சார்ஜ் ஏறியது. சாமி, கொஞ்ச நேரந்தான், என்று கும்பிட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் முப்பது போன் வந்தது. அதற்கு மறுநாள் பாவடிக்கு ஒரு பல்பு. பத்தாம் நாள் ராக்கியண்ணன் செங்கோடனைக் கூப்பிட்டார்.

"செங்கோடா, தப்பா நெனச்சுக்காத. தீவாளி ஆர்டர் பூராத் தறியில தொங்குது. அர்த்தனாரி இருந்தா வேண்டான்னா சொல்லுவான்? தறிக்காரனுக்குன்னா ராத்திரி பகல் பாக்காம ஓடியாந்த பயல்."

"என்ற தங்கச்சி இருக்கறாளுங்க."

"அம்மிணிக்கு என்ன வேணுமோ சங்கம் பாத்துக்கும். நீ ஒரு ஒயர் இழு."

செங்கோடன் ஒயர் இழுத்தான். இழுக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தால், வேறு ஏதோ வாயில் வந்துவிடும் போலிருந்தது. பழைய கைத்தறிகளைப் பிரித்து எடுத்த மரச்சட்டங்களால் நெஞ்சுயரத்துக்கு மேடை கட்டி, மேலே தகரம் போட்டு, கட்டிலோடு அர்த்தனாரியை அதில் ஏற்றி, கால் கட்டைவிரல் கம்பியிலிருந்து தெற்கு வீதிக்கும் வடக்கு வீதிக்கும் கருப்பு ஒயர் போனது. மூன்று பேஸுக்கும் அவன் ஒருத்தன் போதுமாக இருந்தான். பட்டறை பட்டறையாகத் தறி ஓடத் தொடங்கியது, கம்பத்துக் கரண்ட் வந்தாலும் ஓடியது, போனாலும் ஓடியது, சுற்று வட்டாரத்தில் எந்த ஊரிலும் தறிச் சத்தம் இல்லாத மத்தியானங்களில் கரட்டுப்பாளையத்தில் மட்டும் டக்கடக்கென்று கேட்டுக்கொண்டே இருந்தது, வழியில் போகிற பஸ்காரர்கள் என்ன கரண்டுய்யா உங்க ஊர்க் கரண்டு என்று பொறாமையோடு கேட்டுவிட்டுப் போனார்கள். மீட்டர் இல்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை. இல்லாத கரண்டுக்கு யார் வந்து கேட்பார்கள்.

எதற்கும் பழகிக்கொள்கிற ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. அமாவாசைக்குப் பாவடியில் தேங்காய் உடைத்தார்கள். கல்யாண ஊர்வலம் மட்டும் சுற்றிப் போனது. மைனாவதி வந்து மேடைக்குக் கீழே அழுத நாட்களில் வோல்டேஜ் ஏறி மோட்டார் காயில் கருகிற்று. ஒரு வாரத்தில் நான்கு மோட்டார் போனதும், சங்கத்திலிருந்து இரண்டு பெரிய மனிதர்கள் அவள் வீட்டுக்குப் போய், நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே, அழுகையைக் கொஞ்சம் வீட்டோடு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவள் சரிங்க என்றாள். அதற்குப் பிறகு பாவடிக்கு வந்தால் அழாமல் நின்றுவிட்டுப் போனாள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரமாக வருகிறது, ஆனால் அன்றைக்கு அந்த ஊரில் யாருக்கும் வரவில்லை.

இன்னொன்றும் நடந்தது. இந்தச் சாவுக்கெல்லாம் பழைய டெஸ்டர்தான் காரணம் என்று சங்கத்தில் முடிவானது. டெஸ்டரே வைக்கவில்லை என்பதும் அவர்கள் சொன்னதுதான், டெஸ்டர்தான் காரணம் என்பதும் அவர்கள் சொன்னதுதான், இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பட்டறைகளில் கிடந்த பழைய டெஸ்டர்களையெல்லாம் ஒரு சாக்கில் கட்டிக் கிணற்றில் போட்டுவிட்டு, பட்டறைக்கு ஒன்றாக மஞ்சள் பேனா வாங்கினார்கள். பேனா சுவர் சுவராகக் கத்தியது, மிக்சி பக்கம் கத்தியது, பிள்ளைகள் அதை வைத்து விளையாடின. அர்த்தனாரி பக்கத்தில் மட்டும் கத்தவே இல்லை. அதனால் செங்கோடனிடம் இருந்த ஒரே ஒரு பழைய டெஸ்டரை விட்டுவைத்தார்கள். தினமும் காலையில் தறி போடுவதற்கு முன்னால், கரண்ட் இருக்கிறதா, குறைகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டிய வேலை அவன் தலையில் விழுந்தது.

தினமும் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நின்று, எட்டிக் கட்டைவிரலில் முனையை வைத்து, பித்தளைப் பொட்டில் தன் விரலை வைப்பான். பல்பு எரியும். சாதாரணமாக அந்தக் கரண்ட் உடம்புக்குத் தெரியாது, இது தெரிந்தது. முதல் வாரம் விரல் நுனியில் மட்டும் சுறுசுறுத்தது. ஒரு மாதத்தில் மணிக்கட்டுக்கு வந்தது, இரண்டாம் மாதம் முழங்கைக்கு, பிறகு தோளுக்கு, பிறகு கழுத்துக்கு. நூறாவது நாள் தாடைக்கு வந்துவிட்டது. டெஸ்டரை எடுத்த பிறகும் அரை மணி நேரம் பல் கிடுகிடுத்தது, எதையோ சொல்ல வாயெடுத்தவன் மாதிரி உதடு தானாகப் பிரிந்தது. அவன் துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு, "இருக்குதுங்க" என்று கையால் சைகை காட்டிவிட்டுப் போவான். உடனே தறிகள் ஓடும்.

மைனாவதி அவனைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்.

"ஏண்ணா, நீதானே கூட இருந்தே. டெஸ்டர் வெக்காமத் தொடற ஆளா அவரு? வூட்டுல பல்பு மாத்தறதுக்கே நூறு தடவ பாப்பாரு."

"அவசரத்துல தொட்டுட்டான் அம்மிணி."

"என்ன அவசரம்?"

செங்கோடன் டெஸ்டரைச் சட்டையில் மாட்டிக்கொள்வான். "அவருக்கு ஏதோ அடங்கல, அதான் கெடக்கறாரு. அடங்குனாத்தான் எடுப்பாங்க. எடுத்தாத்தான் நான் அழுவேன்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விடுவாள். அவன் தங்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பான், சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொள்ளும், சொன்னால் அவளுக்கு அண்ணனும் இருக்க மாட்டான் என்று அப்படியே நின்றுவிடுவான். அதோடு, சொன்னால் என்ன ஆகும் என்பது அவன் தோளுக்கும் கழுத்துக்கும் தெரிந்திருந்தது: கரண்ட் போய்விடும். அப்புறம் ஊர் அவனை என்ன செய்யுமோ.

நூற்றுப் பன்னிரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, உச்சி வெயிலில், வோல்டேஜ் ஆடுகிறது என்று கூப்பிட்டார்கள். செங்கோடன் பாவடிக்குப் போனபோது மைனாவதி அங்கே நின்றிருந்தாள்.

"அந்த டெஸ்டரக் குடு. இன்னிக்கு நான் பாக்கறேன்."

"உனக்கெதுக்கு அம்மிணி அதெல்லாம்."

"நூறு நாளா நீ தொட்டுப் பாக்கறே. கட்டுனவ நான் ஒரு நாளாச்சும் பாக்க வேண்டாமா?"

கொடுத்தான். அவள் குள்ளம், மேடை சரியாக எட்டவில்லை. சங்கம் அங்கே போட்டிருந்த காவல்காரர் உட்காருகிற பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, ரப்பர் செருப்போடு ஏறி, அண்ணன் செய்து பார்த்திருந்தபடியே முனையைக் கட்டைவிரலில் வைத்து, வாலில் தன் விரலை வைத்தாள். நிழலுக்கு முந்தானையை மேலே பிடித்து உற்றுப் பார்த்தாள். பல்பு எரியவில்லை.

"எரியலயேண்ணா" என்றாள். அவள் முகம் மலர்ந்தது, எத்தனையோ நாளுக்குப் பிறகு. "அடங்கிருச்சாண்ணா? கரண்ட் இல்ல பாரு!" என்று இன்னொரு கையை நீட்டிப் புருஷனின் பாதத்தைத் தொடப் போனாள்.

"தொடாதே!" என்று செங்கோடன் கத்திவிட்டான். "நாற்காலில நின்னா எரியாது அம்மிணி, எறங்கு! செருப்பக் கழட்டிட்டு மண்ணுல நின்னு பாரு, காலு தரையில படாட்டி கரண்ட் இருந்தாலும் காட்டாது!"

இருபத்திரண்டு வருஷப் பழக்கம், யோசிக்காமல் வந்துவிட்டது. அவள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். இறங்கினாள். செருப்பைக் கழற்றினாள். மண்ணில் நின்று, எக்கி, மறுபடி வைத்தாள். பல்பு சிவப்பாக எரிந்தது. அதைப் பார்த்தாள், பிறகு நாற்காலியைப் பார்த்தாள், பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"பட்டறைக்கு நான் ஓடியாந்தப்போ, அந்த ஒயருக்கு நேராக் கீழ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கெடந்துதுண்ணா. இவரு தரையில கெடந்தாரு, ஈரத்துல. இவரு டெஸ்டரு வூட்டுல கண்ணாடிகிட்ட இருந்துது. உன்ற டெஸ்டரு உன்ற சட்டையில இருந்துது." டெஸ்டரைக் கட்டைவிரலிலிருந்து எடுத்தாள். "அந்த நாற்காலி யாருக்குப் போட்டதுண்ணா?"

தறிகள் டக்கடக்கென்று ஓடிக்கொண்டிருந்தன. செங்கோடன் வாயைத் திறந்தான், துண்டை எடுத்து மூடப் போனான், மைனாவதி அந்தத் துண்டைப் பிடுங்கிக் கீழே போட்டாள். அவள் அடிக்கவில்லை, திட்டவில்லை. டெஸ்டரை அவன் கையில் திணித்தாள்.

"எனக்குச் சொல்ல வேண்டாம். அவருகிட்டச் சொல்லு."

செங்கோடன் செருப்பைக் கழற்றினான். மண் சுட்டது. முனையைக் கட்டைவிரலில் வைத்து, பித்தளைப் பொட்டில் விரலை வைத்தான், பல்பு எரிந்தது, கரண்ட் விரலிலிருந்து முழங்கை, தோள், கழுத்து, தாடை என்று ஒரே ஓட்டமாக ஏறி நாக்குக்கு வந்தது.

"நான் டெஸ்டர் வெச்சேன் மாப்ள" என்றான். "நாற்காலி மேல நின்னுட்டு வெச்சேன். கையில டீ இருந்துது. செவுத்தத் தொடல. இல்லைன்னு சொன்னேன், நீ நம்பிப் புடிச்சே. கேட்டவங்ககிட்ட உன்ற மேல பழியப் போட்டேன். நீ குடிகாரன்னு ஊரே சொல்லுச்சு, கேட்டுட்டு இருந்தேன்." அதற்கு மேல் அவனால் முடியவில்லை, வாய்விட்டு அழுதான், அழுதுகொண்டே டெஸ்டரை எடுக்காமல் நின்றான். பல்பு சிவப்பிலிருந்து மங்கி, பழுத்த மிளகாய் வாடுவது போல வாடி, அணைந்தது.

பாவடிக்குப் பக்கத்துப் பட்டறை முதலில் நின்றது. பிறகு அதற்கடுத்தது. தெற்கு வீதி நின்றது, வடக்கு வீதி நின்றது, கடைசியாக ஊர்க் கோடியில் ஒரு தறி நான்கு தரம் அடித்துவிட்டு நின்றது. மூன்று மாதத்துக்குப் பிறகு ஊரில் காக்கைச் சத்தம் கேட்டது. பட்டறைகளிலிருந்து ஆட்கள் தலையிலும் புருவத்திலும் பஞ்சோடு வெளியே வந்து, ஒயர் போன வழியே பாவடிக்கு வந்து சேர்ந்தார்கள். ராக்கியண்ணன் முன்னால் வந்தார்.

"என்னடா பண்ணித் தொலச்சே?"

செங்கோடன் அவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தரம் சொன்னான், நாற்காலியிலிருந்து டீ டம்ளர் வரைக்கும் ஒன்று விடாமல். பிறகு, "கரண்ட் இல்லீங்க. நாலு பேரு வந்து ஒரு கை புடிச்சீங்கன்னா எடுத்தரலாம்" என்றான்.

ஒருவரும் அசையவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "நீ இல்லைன்னு சொல்லித்தான் அவன் புடிச்சான்." பட்டறைக்காரர்கள் பையிலிருந்து மஞ்சள் பேனாக்களை எடுத்தார்கள். நாற்பது ஐம்பது பேனா மேடையைச் சுற்றி நீண்டது, ஒன்றும் கத்தவில்லை. ஆனால் ஆட்களைத் தூக்கி எறிந்த நாளிலும் அது கத்தியதில்லையே, இப்போது கத்தாததை வைத்து என்ன செய்வது. செங்கோடன் பழைய டெஸ்டரைக் கைப்பிடிப் பக்கமாக நீட்டினான், நீங்களே வைத்துப் பாருங்கள் என்று. அதற்கு ஒருவர் தன் விரலை வைக்க வேண்டும், தன் காலை மண்ணில் வைக்க வேண்டும். ராக்கியண்ணன் ஒரு அடி பின்னால் போனார், அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் இரண்டு அடி போனார்கள்.

மைனாவதி மட்டும் முன்னால் வந்தாள். "அண்ணா, நீயே இன்னொருக்கா வெய்யி" என்றாள். அவன் வைத்தான். அவள் பல்பைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையும் பார்க்கவில்லை. குனிந்து அவன் கால்களைப் பார்த்தாள். இரண்டு பாதமும் வெறுமனே, விரல் விரித்து, சுடுமண்ணில் அழுந்தியிருந்தன. பிறகு அவன் இடது கையைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை.

"இல்ல" என்றான் செங்கோடன்.

அவள் இரண்டு கையாலும் புருஷனின் பாதங்களைப் பிடித்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. சில்லென்று இருந்தது. அவள் செப்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்து எறிந்துவிட்டு, தன் முந்தானையிலிருந்து ஒரு முழம் கிழித்து அந்த விரல்களைக் கட்டினாள், துணி பொசுங்கவில்லை. அப்போதுதான் நாற்றம் வந்தது. நூற்றுப் பன்னிரண்டு நாளாக வராமல் இருந்தது எல்லாம் ஒரே மூச்சில் வந்தது, அர்த்தனாரியின் முகம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது, கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு கலைந்தது. மைனாவதி தாலியைக் கழற்றி அவன் நெஞ்சில் வைத்தாள், பிறகு அழுதாள், ஊரே கேட்க, வோல்டேஜுக்குப் பயப்படாமல் அழுதாள்.

தூக்குவதற்கு நான்கு பேர் வேண்டும். யாரும் வரவில்லை, கரண்டை நிறுத்தியவனுக்கு எதற்குத் தோள் கொடுப்பது என்று வீட்டுக்குள் போய்விட்டார்கள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை என்று யாரோ வாசலிலிருந்து சொன்னார்கள், அவள் காதில் வாங்கவில்லை. "கால்மாட்ட நீ புடி, தலமாட்ட நான் புடிக்கறேன்" என்றாள் அண்ணனிடம். அதுதான் அவள் அவனிடம் கடைசியாகப் பேசியது. கயிற்றுக் கட்டிலை இருவருமாகத் தூக்கினார்கள். கால் முன்னால் போக வேண்டும் என்பதால் செங்கோடன் முன்னால் நடந்தான், அவள் அவன் முதுகுக்குப் பின்னால் வந்தாள். தெற்கு வீதி வழியே போகும்போது ஒரு பட்டறை வாசலிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "செங்கோடா, கரண்டு எப்ப வரும்?" என்று கேட்டார். அடுத்த வாசலிலும் அதையே கேட்டார்கள். அவன் நிற்காமல் நடந்தான். அவனுடைய செருப்பு பாவடியிலேயே கிடந்தது, தார் ரோடு வெயிலில் இளகிக்கொண்டிருந்தது, சுடுகாடு வரைக்கும் மைனாவதி அவன் கால்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.